சுகோயா, ரஃபேலா, தேஜஸா: எதை வைத்து ஒப்பிடுவது?

"சார், சுகோய் ரெண்டு மாக் போகுது, ரஃபேல் 1.8தான். அப்போ சுகோய்தானே சார் மேல?"

பழைய வண்ணாரப்பேட்டையில் பிளஸ் டூ பசங்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன், சுகோய், ரஃபேல், தேஜஸ் என்ற நம் விமானப்படைப் போர் விமானங்களைப் பற்றி இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நிகழ்ச்சி நடந்தபோது ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மொட்டை மாடி ஏறி நின்று பார்த்த பசங்கள் இவர்கள். அப்புறம் பாகிஸ்தானுடன் 2025 மே மாத மோதல் வந்தது, கல்மண்டபம் டீக்கடை வரைக்கும் ஆளாளுக்குப் போனில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வேகம், நீளம், எத்தனை ஏவுகணை என்று வரிசையாகப் படித்து வாதாடினார்கள். ஆர்வம் நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற எண்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாத எண்கள். ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு உயரத்தில், வேறு வேறு எடையில், வேறு வேறு நிலைமையில் எடுத்தது. அதோடு, ஒரு விமானம் எந்த வேலைக்காக வரையப்பட்டது என்று தெரியாமல் அதன் எண்ணைப் படித்தால் அந்த எண் நமக்கு எதையும் சொல்லாது.

வேகத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம், பசங்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

வேகம் மட்டும் போதும் என்றால் உலகத்தின் தலைசிறந்த போர் விமானம் சோவியத் யூனியனின் மிக்-25 ஆகத்தான் இருக்க வேண்டும். மாக் 2.83 அதன் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம், ஒலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அறுபதுகளின் கடைசியில் அதன் படங்களைப் பார்த்த அமெரிக்கர்கள், இவ்வளவு பெரிய இறக்கையும் இரண்டு ராட்சத என்ஜினும் இருந்தால் இது பயங்கரமாக வளைந்து திரும்புகிற விமானமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள், அந்தப் பயம் எஃப்-15 விமானத்தின் வடிவமைப்பையே பாதித்தது. 1976 செப்டம்பர் 6 அன்று விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25 விமானத்தோடு தப்பி ஜப்பானின் ஹகோடாட்டே விமான நிலையத்தில் வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி எஃகு. அந்த வேகத்தில் காற்று உரசி வருகிற சூட்டை அலுமினியம் தாங்காது என்பதால் எஃகு. எஃகு என்பதால் எடை, எடை என்பதால் பெரிய இறக்கை. அந்த இறக்கை வளைந்து திரும்புவதற்கு இல்லை, அந்தக் கனத்தைத் தூக்குவதற்கு. நேர்கோட்டில், மிக உயரத்தில், குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திப் பிடிக்க வரைந்த விமானம் அது, நெருக்கச் சண்டைக்கு ஆகாது. நம் விமானப்படையும் 1981 முதல் 2006 வரை பரேலியில் மிக்-25 வைத்திருந்தது, எதற்கு? யாரும் எட்ட முடியாத உயரத்தில் போய்ப் படம் எடுத்து வருவதற்கு. அதற்கு அது அற்புதமான விமானம்.

உச்ச வேகம் என்று பட்டியலில் போடுவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும், காற்று மெலிந்து தடை குறைந்த இடத்தில், வெளியே பெரிதாக எதுவும் தொங்கவிடாமல் எட்டுகிற வேகம். ஒலியின் வேகமே கடல் மட்டத்தில் மணிக்கு சுமார் 1,225 கிலோமீட்டர், அந்த உயரத்தில் குளிரில் அது 1,062 ஆகக் குறைந்துவிடும். அதனால் மாக் 2 என்றால் எந்த உயரத்தில் என்று கேட்க வேண்டும். ஏவுகணை, குண்டு, கூடுதல் எரிபொருள் டேங்க் எல்லாம் இறக்கைக்கடியில் தொங்கினால் அந்த வேகத்தை மறந்துவிடலாம்.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொன்னால் பசங்கள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். ஆஃப்டர்பர்னர் போட்டால்தான் அந்த உச்ச உந்துவிசை கிடைக்கும். என்ஜினிலிருந்து வெளியேறுகிற சூடான காற்றில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிப் பற்றவைப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. ரஃபேலின் இரண்டு எம்88 என்ஜினும் கடல் மட்டத்தில் முழு ஆஃப்டர்பர்னரில் ஓடினால் நிமிடத்துக்கு 400 கிலோவுக்கு மேல் குடிக்கும். உள்ளே இருப்பது சுமார் 4.7 டன். வகுத்துப் பாருங்கள், 11 நிமிடம். சுகோய்-30 எம்கேஐ இரண்டு மடங்கு எரிபொருள் வைத்திருக்கிறது, சுமார் 9.6 டன். ஆனால் அதன் என்ஜின்களும் அதற்கேற்பக் குடிக்கும், அதுவும் 12 நிமிடத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். தேஜஸில் சுமார் 2.5 டன், ஒரே என்ஜின், 10 நிமிடம். மூன்று விமானம், மூன்று அளவு, ஆனால் முழு வேகத்தில் ஓடினால் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காலி. உயரத்தில் காற்று மெலிவதால் குடிப்பது குறையும், சரி, ஆனாலும் உச்ச வேகம் என்பது விமானி நிமிடக் கணக்கில் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஒன்று.

அப்போது எதைத்தான் பார்ப்பது? எடைக்கு எத்தனை உந்துவிசை, இறக்கையின் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிலோவைத் தாங்குகிறது, இந்த இரண்டையும் முதலில் பார்க்கலாம். மூன்று விமானத்திலும் உள் எரிபொருள் பாதி இருப்பதாக வைத்துக்கொள்வோம், ஆயுதம் ஏதுமில்லை. சுகோயின் வெற்று எடை சுமார் 18.4 டன், பாதி எரிபொருள் சேர்த்தால் 23.2 டன், உந்துவிசை 25 டன். விகிதம் 1.08. தேஜஸ் 6.56 டன், பாதி எரிபொருளும் சேர்த்து 7.8 டன், உந்துவிசை 8.6 டன், விகிதம் 1.1. ரஃபேல் சுமார் 10 டன், பாதி எரிபொருளோடு 12.35, உந்துவிசை 15.3, விகிதம் 1.24. இங்கேயே ஒன்று தெரிகிறது, பசங்கள் பொம்மை என்று ஒதுக்குகிற தேஜஸ் இந்தக் கணக்கில் சுகோயோடு தோளுக்குத் தோள் நிற்கிறது.

அடுத்து இறக்கை. தேஜஸின் இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ரஃபேல் 270. சுகோய் 374. குறைவாக இருந்தால் சட்டென்று திரும்பலாம் என்பது பாடப்புத்தக விதி, அதன்படி தேஜஸ் சுகோயைச் சாப்பிட்டுவிட வேண்டும். ஆனால் அப்படி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விமானம் திரும்புவது காரைப் போலப் பக்கவாட்டில் அல்ல. ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கை தருகிற தூக்குவிசையைத் திருப்பத்தின் உள்பக்கம் காட்டித் திரும்புகிறது. 9 ஜி திருப்பம் என்றால் இறக்கை விமானத்தின் எடையைப் போல ஒன்பது மடங்கு தூக்க வேண்டும். தூக்குவதற்கு ஒரு விலை உண்டு, தூக்குவிசையால் உண்டாகிற காற்றுத் தடை. அது தூக்குவிசையின் வர்க்கத்தில் ஏறும், அதாவது அதே வேகத்தில் ஒன்பது மடங்கு தூக்கினால் அந்தத் தடை 81 மடங்கு. இந்த 81 மடங்கையும் என்ஜினால் ஈடுகட்ட முடியவில்லை என்றால் விமானம் திரும்புகிற ஒவ்வொரு நொடியும் வேகத்தை இழக்கும். இறக்கை நீண்டு குறுகலாக இருந்தால் இந்தத் தடை குறையும், குட்டையாக அகலமாக இருந்தால் கூடும். தேஜஸின் இறக்கை குட்டையான டெல்டா, அதாவது முக்கோணம். அகலத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் வருகிற விகிதம் தேஜஸுக்கு 1.75, ரஃபேலுக்கு 2.6, சுகோய்க்கு 3.5. அதனால் தேஜஸ் ஒரு நொடி மூக்கை வெடுக்கென்று திருப்பும், அழகாகத் திருப்பும், ஆனால் அதே திருப்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தால் வேகம் கரையும். ஒரு நொடித் திருப்பம் வேறு, நீடித்த திருப்பம் வேறு. மெரினாவுக்கு மேலே பசங்கள் பார்த்து வாய்பிளந்தது முதல் வகையை. சண்டையில் இரண்டும் வேண்டும்.

சுகோயில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதன் உடம்பே அகன்று தட்டையாக இருப்பதால் உடம்பும் தூக்குகிறது, அதை இறக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதோடு என்ஜினின் வாயையே திருப்பலாம், அதனால் ஏறக்குறைய நின்றுபோன வேகத்திலும் மூக்கை வேண்டிய பக்கம் காட்டும். பார்க்கிறவர்களுக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த வித்தையைச் செய்து முடிக்கும்போது விமானம் வேகமெல்லாம் இழந்து வானத்தில் தொங்கும், பக்கத்தில் எதிரியின் இரண்டாவது விமானம் இருந்தால் அது நல்ல இலக்கு. ரஃபேல் வேறு வழியில் போனது. டெல்டா இறக்கைக்கு முன்னால் காக்பிட் பக்கத்தில் கனார்ட் என்கிற இரண்டு சின்ன இறக்கைகளை வைத்து, டெல்டாவின் மேல் காற்று பிரிந்து போகாமல் கட்டிப்போடுகிறது, உந்துவிசையும் மிச்சமிருக்கிறது. மூன்றுமே வேண்டுமென்றே நிலையில்லாமல் வரையப்பட்டவை, கணினி இடைவிடாமல் சரிசெய்துகொண்டே இருப்பதால்தான் பறக்கின்றன. நான்கு தடம் கொண்ட இந்த மின்னணுக் கட்டுப்பாட்டை நம் ஆட்களே தேஜஸுக்கு எழுதி 2001 ஜனவரி 4 அன்று பறக்கவிட்டார்கள் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், அது சாதாரண வேலை இல்லை.

இந்தத் திருப்பக் கணக்கை எல்லாம் ஒரே அளவுகோலில் கொண்டுவந்தவர்கள் அறுபதுகளில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டும் கணித வல்லுநர் தாமஸ் கிறிஸ்டியும். உந்துவிசையிலிருந்து தடையைக் கழி, வேகத்தால் பெருக்கு, எடையால் வகு. கிடைப்பது அந்த நொடியில் விமானத்தின் கையில் மிச்சமிருக்கிற ஆற்றல்: அதை வைத்து ஏறலாம், வேகம் பிடிக்கலாம், திரும்பலாம். அந்த எண் ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு வேகத்திலும் மாறும், அதனால் ஒரு விமானத்துக்கு ஒரு எண் கிடையாது, ஒரு வரைபடமே உண்டு. இரண்டு வரைபடத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் இந்த உயரத்தில் இது மேல், அந்த உயரத்தில் அது மேல் என்று திட்டுத் திட்டாகத் தெரியும். நல்ல விமானி தன் திட்டுக்குள் எதிரியை இழுப்பான். அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானம் பிறந்தது இந்தச் சிந்தனையில் இருந்துதான்.

சரி, இவ்வளவும் ஆயுதம் இல்லாத, பாதி எரிபொருள் கணக்கு. மெரினா நிகழ்ச்சியிலும் பார்த்தது ஏறக்குறைய அதே நிலைதான், சாகசத்துக்கு விமானத்தை லேசாக வைத்துத்தான் பறப்பார்கள். நிஜத்தில் பாதி எரிபொருள் மிச்சமிருக்கும்போது விமானம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சுகோய் உள் எரிபொருளை மட்டும் வைத்து 3,000 கிலோமீட்டர் பறக்கும். தேஜஸ் அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் வெளியே டேங்க் மாட்ட வேண்டியிருக்கும், மாட்டினால் தடையும் கூடும், ஆயுதம் மாட்டுகிற இடமும் போகும். காசிமேட்டில் ஃபைபர் படகையும் விசைப்படகையும் பக்கத்தில் நிறுத்தி எது நல்ல படகு என்று யாரும் கேட்பதில்லை, விடியலில் போய் மதியம் திரும்புகிறதா, நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறதா என்றுதான் கேட்பார்கள். தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 அன்று 222ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, சுகோயோடு தொடங்கப்பட்டது இதனால்தான். இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையை வயிற்றில் கட்டிக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்குள் வெகுதூரம் போய்க் கப்பலை அடிக்கிற வேலைக்கு அந்தப் பெரிய உடம்பு வேண்டும். சூலூரில் இருக்கிற தேஜஸிடம் அதைக் கேட்பது நியாயமில்லை, அது மிக்-21 பார்த்த வேலையை எடுத்துக்கொள்ள வரைந்த இலகு விமானம்.

சின்னதாக இருப்பது குறையும் அல்ல. 1965லும் 1971லும் நேட் என்கிற குட்டி விமானம் நம்மிடம் இருந்தது, வெற்று எடை இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 1971 நவம்பர் 22 அன்று கிழக்கு எல்லையில் போய்ரா வானில் நான்கு நேட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை எதிர்த்தன. சேபர்கள் வீழ்ந்தன, பாராசூட்டில் இறங்கிய இரண்டு பாகிஸ்தான் விமானிகள் பிடிபட்டார்கள், அவர்களில் ஒருவர் பின்னாளில் அந்த நாட்டு விமானப்படைக்கே தலைவரானார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது என்பதே அன்றைக்கு நேட்டின் பலம்.

இன்றைக்கு அந்தக் கண் ரேடாராகிவிட்டது, விஷயம் ஏறக்குறைய அதேதான். ஆனால் இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. ரேடாரில் தெரிகிற அளவைப் பாதியாக்கினால் கண்டுபிடிக்கிற தூரம் பாதியாகாது. தூரம் பாதியாக வேண்டுமென்றால் அந்த அளவைப் பதினாறில் ஒன்றாக்க வேண்டும், நான்காம் படி விதி அது. அதனால் கொஞ்சம் பூச்சு பூசினால் விமானம் மறைந்துவிடும் என்பது வெறும் பேச்சு. அமெரிக்காவின் எஃப்-35 மாதிரி விமானங்கள் ஆயுதத்தை வயிற்றுக்குள் வைத்து, ஒவ்வொரு விளிம்பையும் ஒரே கோணத்தில் சாய்த்து, அதற்காக மற்ற பலவற்றை விட்டுக்கொடுத்துத்தான் அந்தச் சலுகையை வாங்குகின்றன. எஃப்-35 மாக் 1.6தான் போகும், பட்டியல் ஆட்டத்தில் 1963இல் நம்மிடம் வந்த மிக்-21 அதைத் தோற்கடித்துவிடும். சுகோய் இதில் பாவம், அவ்வளவு பெரிய உடம்பு, வெளியே தொங்குகிற ஆயுதம், தூரத்திலேயே தெரியும். பதிலுக்கு அதன் மூக்கில் பெரிய ரேடார் வைக்க இடமிருக்கிறது.

ஏவுகணைத் தூரமும் இதே மாதிரி ஏமாற்றுகிற எண். 150 கிலோமீட்டர், 200 கிலோமீட்டர் என்று போடுவது, உயரத்தில் வேகமாகப் பறக்கிற விமானம், தன்னை நோக்கி நேராக வந்துகொண்டிருக்கிற எதிரியின் மேல் ஏவினால் கிடைக்கிற தூரம். பெரும்பாலான ஏவுகணைகளின் ராக்கெட் சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும், மிச்சத் தூரம் முழுக்க வாங்கிய வேகத்தில் சறுக்கிக்கொண்டு போவதுதான். எதிரி திரும்பி ஓட ஆரம்பித்தால் அந்த 200 வெகுவாகச் சுருங்கிவிடும். ரஃபேலின் மீட்டியர் ஏவுகணை வெளிக்காற்றை உள்ளே இழுத்து எரிக்கிறது, எரிவதைக் கூட்டிக் குறைக்கவும் முடியும், அதனால் கடைசிக் கட்டத்திலும் அதற்குத் தெம்பு இருக்கும். ரஃபேல் ஒப்பந்தத்தில் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, 1.8 மாக் இல்லை.

2025 மே மாதம் பாகிஸ்தானின் கையில் இருந்த சீனத்து ஜே-10சி விமானமும் பிஎல்-15 ஏவுகணையும் எல்லோர் வாயிலும் வந்தன. பிஎல்-15 துண்டுகள் பஞ்சாபில் கிடைத்ததை நம் விமானப்படையே காட்டியது. நம் தரப்பில் விமான இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை, ஏன் விழுந்தது என்பதுதான் முக்கியம் என்றார். அவர் சொன்னது சரி. உடனே டீக்கடையில் ஜே-10சி உயர்வு, ரஃபேல் தாழ்வு என்று முடிவு கட்டிவிட்டார்கள், இன்னொரு பக்கம் அதற்கு நேர் எதிராக. அந்த மாதிரிச் சண்டையில் யாருடைய ரேடார் யாரை முதலில் பார்த்தது, பின்னால் பறந்த கண்காணிப்பு விமானம் என்ன சொன்னது, அன்றைக்கு எதை அடிக்க, எதை அடிக்காமல் விட உத்தரவு இருந்தது, இதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். விமானத்தின் வடிவம் அதில் ஒரு பங்குதான்.

வடிவம் பழசாக இருந்தும் வேலை முடிந்த கதை நம்மிடமே இருக்கிறது. 1999 கார்கிலில், 1978இல் முதலில் பறந்த மிராஜ் 2000 விமானத்தில் லைட்னிங் என்கிற இலக்குக் காட்டும் கருவியை அவசரமாகப் பொருத்தினார்கள். ஜூன் 24 அன்று டைகர் ஹில் மேல் லேசர் வழிகாட்டும் குண்டு போட்டார்கள். இறக்கை மாறவில்லை, என்ஜின் மாறவில்லை, உச்ச வேகம் அப்படியே. மாறியது அடியில் தொங்கின ஒரு பெட்டியும் குண்டும்தான்.

என்ஜின் என்று வரும்போது எனக்கு ஆதங்கம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் எச்எஃப்-24 மாருத் பறந்தது, ஜெர்மனியின் கூர்ட் டாங்க் தலைமையில் இந்தியாவில் வரைந்த ஜெட். அழகான உடம்பு, ஒலியைத் தாண்டிப் போக வரைந்த உடம்பு. திட்டமிட்ட என்ஜின் வரவில்லை, ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் என்ஜினை வைத்தே காலம் தள்ள வேண்டியதாயிற்று, 1971 போரில் நன்றாகவே உழைத்தும் மாருத் தன் முழு உருவத்தை எட்டவே இல்லை. தேஜஸுக்காக இங்கேயே செய்ய ஆரம்பித்த காவேரி என்ஜின் தேஜஸுக்கு வந்து சேரவில்லை, ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்404தான் ஓடுகிறது. தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்காக 2021இல் 99 என்ஜினுக்கு ஒப்பந்தம் போட்டு, முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. அந்த வருடமே செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 ஓய்வுபெற்றது, 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய விமானப்படை 29க்கு இறங்கியது.

அதனால் பசங்கள் எது பெரியது என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் பதிலுக்கு நான்கு கேள்வி கேட்கிறேன். சண்டை எத்தனை கிலோமீட்டர் தள்ளி? எந்த உயரத்தில்? இறக்கைக்கடியில் என்ன தொங்குகிறது? நாளைக் காலையில் எத்தனை விமானத்துக்கு என்ஜின் இருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் எந்தப் பட்டியலிலும் கிடையாது, ஆனால் அதில்தான் சூலூரும் தஞ்சாவூரும் ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.